ஊர் மாறினால் அலை மாறும்: பயணத்தினூடே அலைச்சறுக்குப் பயிற்சி

கடற்கரையோரமாகப் பயணம் செய்தபடியே அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தொடக்கப் பாடங்கள் அனைத்தையும் ஒரே கடற்கரையில், முடிந்தால் ஒரே பயிற்றுநரிடம் முடித்துக்கொண்டு, அதன் பிறகு ஊர் மாறுங்கள் என்பதே. ஊருக்கு ஒரு பாடம் என்ற திட்டம் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் அலை, கடலடித் தரை, ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்றவற்றம், காற்று, பலகை, பயிற்றுநர் ஆகிய ஆறும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தால், சென்ற முறை எழுந்து நிற்க முடிந்ததும் இந்த முறை முடியாமல் போனதும் எதனால் என்று பிரித்தறிய வழி இருக்காது. உடல் ஓர் அசைவைப் பழகிக்கொள்ள வேண்டுமானால் சுற்றியிருப்பவை சில நாட்களாவது மாறாமல் இருக்க வேண்டும். அந்த அசைவு ஓரளவு படிந்த பிறகு, கடற்கரை மாறுவதே மிகச் சிறந்த பாடமாகிவிடுகிறது. ஒரே ஊரில் பல மாதம் பழகியவர்களுக்குக்கூடக் கிடைக்காத ஒப்பீட்டு அறிவு பயணிக்குச் சில வாரங்களில் கிடைக்கிறது. நான் பயணத்தின் முற்பகுதியில் ஓரிடத்திலேயே தங்கிப் பயின்றுவிட்டுப் பின்னர் வெவ்வேறு கடற்கரைகளில் பயிற்சி பெற்றவன் என்பதால், இரண்டு கட்டங்களையும் பற்றிச் சொல்ல முடியும்.

முதல் பாடம் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் அரைமணி நேரம் மணலில் கழியும். பயிற்றுநர் பலகையை மணலில் கிடத்தி, அதன் அடியிலுள்ள துடுப்புகள் உடையாதபடி குழி தோண்டி, குப்புறப் படுப்பது, கைகளை விலாவுக்கு அருகில் ஊன்றுவது, ஒரே வீச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்பது ஆகியவற்றைச் செய்துகாட்டுவார். பாப்-அப் எனப்படும் இந்த எழுச்சிதான் தொடக்கநிலையின் உயிர்நாடி. கைகள் பலகையின் விளிம்பைப் பற்றாமல் அதன் மேற்பரப்பில் விரிந்து ஊன்ற வேண்டும். விளிம்பைப் பிடித்தால் உடலின் எடை ஒருபக்கம் சாயும்போது பலகையும் கூடவே சாய்ந்துவிடும். முழங்காலை ஊன்றி எழுவது எளிதாகத் தோன்றும். ஆயினும் அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் பிறகு விடுவது கடினம் என்று என் முதல் பயிற்றுநர் கண்டிப்பாக இருந்தார், அது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். பின்கால் துடுப்புகளுக்கு நேர் மேலேயும், முன்கால் பலகையின் நடுப்பகுதியிலும் அமைய வேண்டும். குனிவது இடுப்பிலிருந்து அல்ல, முழங்காலிலிருந்து. பார்வை காலடியை விட்டு விலகிக் கரையை நோக்கி இருக்க வேண்டும். பார்வை எங்கே விழுகிறதோ உடலும் அங்கேயே விழுகிறது. எந்தக் கால் முன்னே என்பதைத் தீர்மானிக்கச் சோதனை எதுவும் வேண்டியதில்லை: வழுக்குத் தரையில் ஓடிவந்து சறுக்கினால் எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ அதுவே முன்கால்.

இந்த எழுச்சியைத் தண்ணீரில் பழகுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதைப் பலர் உணர்வதில்லை. இரண்டு மணிநேரப் பாடத்தில் உண்மையில் அலைமீது கழியும் நேரம் சில நிமிடங்களே. போட்டி வீரர்களை அளந்து பார்த்த ஆய்வுகளிலும், நீரில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி கைகளால் துழாவுவதிலும், பெரும்பகுதி மிச்சம் காத்திருப்பதிலும் கழிந்ததும், அலைமேல் ஓடிய நேரம் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாததும் தெரியவந்துள்ளன. ஆகவே எழுச்சியைத் தங்கும் அறையின் தரையிலேயே பழகிவிட வேண்டும். தரையில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு அல்லது துண்டை விரித்து, எழுந்த பிறகு இரு பாதங்களும் அந்தக் கோட்டின்மேல் குறுக்காக அமைகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு அடுத்த பாடத்திலேயே தெரியும்.

மணலை விட்டு இடுப்பளவு நீருக்குப் போனதும், ஏற்கெனவே முறிந்து நுரைத்து வரும் அலையில் பயிற்றுநர் பலகையைத் தள்ளிவிடுவார். அந்தத் தள்ளல் துல்லியமாக இருந்தால் முதல் நாளே ஒருவர் எழுந்து நின்றுவிடலாம். கரையிலிருந்து ஒருவர் புகைப்படமும் எடுத்துத் தருவார். பல பள்ளிகள் உண்மையில் விற்பது அந்தப் புகைப்படத்தைத்தான் என்பது என் கருத்து. பயிற்றுநரின் கை வேகத்தையும், நேரத்தையும், திசையையும் கொடுத்துவிடுவதால், மாணவர் படுத்திருக்கும் இடம் தவறாக இருப்பதும், துழாவல் பலவீனமாக இருப்பதும் வெளியே தெரிவதில்லை. எனவே இரண்டாம் பாடத்திலிருந்து, குறைந்தது பாதி அலைகளுக்காவது தள்ளிவிட வேண்டாம் என்று நாமே கேட்டுக்கொள்வது நல்லது. நிற்கும் எண்ணிக்கை உடனே குறையும், கற்பது கூடும். நான் இப்படிக் கேட்டபோது எந்தப் பயிற்றுநரும் முகம் சுளித்ததில்லை, ஒருவர் மட்டும் புகைப்படத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டார்.

தள்ளல் நின்றவுடன் தெரியவருவது, படுக்கும் இடத்தின் முக்கியத்துவம். சற்று முன்னே நகர்ந்து படுத்தால் பலகையின் மூக்கு நீருக்குள் குத்தி, நாம் தலைக்குப்புற வீசப்படுவோம். சற்றுப் பின்னே படுத்தால் மூக்கு வானத்தை நோக்கித் தூக்கி, பலகை நீரைத் தள்ளும் தடையாகி, அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு நீர்மட்டத்துக்குச் சில விரற்கடை மேலே இருப்பதே சரியான நிலை. அந்த நிலையைக் கண்டுபிடித்ததும், மார்புக்கு நேரே பலகையில் மெழுகாலோ அழியும் மையாலோ ஒரு சிறு அடையாளம் இட்டுக்கொண்டால், ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. துழாவும்போது கை முன்னே நீண்டு, ஆழமாக இறங்கி, இடுப்பு வரை வந்து வெளியேற வேண்டும். அலை பலகையைத் தூக்கிவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு மூன்று துழாவல் கூடுதலாகப் போட வேண்டும். அலையைத் தவறவிடுவோரில் பெரும்பாலோர் அந்தக் கடைசித் துழாவல்களுக்கு முன்பே எழ முயல்பவர்கள்தான்.

இங்கே ஒரு மருத்துவ எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது புதியவர்களையே தாக்குகிறது, பெரும்பாலான பள்ளிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. பலகையில் குப்புறப் படுத்து முதுகை நெடுநேரம் பின்புறமாக வளைத்துவைத்திருப்பதால், எந்த அடியும் படாமலேயே தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால்கள் செயலிழக்கும் நிலை ஒன்று உண்டு. ஹவாயில் பதிவான நோயாளிகளை வைத்து 2004ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் இது ‘சர்ஃபர்ஸ் மைலோபதி’ என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. மிக அரிதானதுதான், பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பலகையேறியவர்கள். நீரில் இருக்கும்போது திடீரென்று முதுகுவலி தோன்றி, கால்களில் மரத்துப்போதலோ பலவீனமோ தெரிந்தால், தசைப்பிடிப்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கரையேறி, படுத்தபடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் படுத்துக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்காமல், பலகையின் இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும், நுரையலைப் பயிற்சியின்போது அவ்வப்போது எழுந்து நின்று முதுகைத் தளர்த்துவதும் எளிய தற்காப்பு. போதிய நீர் அருந்திவிட்டுக் கடலில் இறங்குவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அரிய ஆபத்து ஒருபுறமிருக்க, அன்றாடக் காயங்களைத் தருவது பெரும்பாலும் நம் பலகையே. நமக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகையைக் குறுக்காகப் பிடித்தபடி ஒருபோதும் நிற்கக்கூடாது. முழங்காலளவு நுரையும் அந்த நிலையில் எட்டடிப் பலகையை முகத்தில் அறைந்துவிடும். பலகை எப்போதும் நமக்குப் பக்கவாட்டில், மூக்கு அலையை நோக்கி இருக்க வேண்டும். விழும்போது தலை முன்னே போகாமல், பின்புறமாகவோ பக்கவாட்டிலோ தட்டையாக விழ வேண்டும். பயிற்சி நடப்பது ஆழமற்ற நீரில் என்பதால், தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறிக்கும். நீருக்குள் போனதும் இரு கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, ஒரு கணம் பொறுத்து, கை முதலில் வெளிவரும்படி எழ வேண்டும். காரணம், கணுக்காலில் கட்டியிருக்கும் லீஷ் கயிறு பலகையைப் போகவிடாமல் காப்பதோடு, இழுபட்டு அதை நம்மை நோக்கித் திரும்ப எறியவும் செய்யும். குளிர்ந்த நீரில் உடல்சூட்டைக் காக்கும் வெட்சூட் ஆடையைப் பரவலாக்கிய ஜாக் ஓ'நீல் 1970களின் தொடக்கத்தில் தம் இடக்கண்ணை இழந்தது இப்படி லீஷ் கயிறு சுண்டித் திரும்பிய பலகையால்தான். அந்தக் கயிற்றை உருவாக்கியவர்களில் அவருடைய மகனே முக்கியமானவர். அன்றைய நீளும் இரப்பர்க் குழாயைவிட இன்றைய யூரித்தேன் கயிறு எவ்வளவோ மேல் என்றாலும், முகத்தை மூடியபடி எழும் பழக்கத்துக்கு மாற்று எதுவும் வந்துவிடவில்லை.

இவ்வளவும் ஓரிடத்தில் தங்கிப் பழக வேண்டியவை. நுரையலையில் பத்தில் ஏழெட்டு முறையாவது தள்ளலின்றி எழ முடிந்த பிறகு ஊர் மாறினேன். மாறிய முதல் நாளே, அதே உயர அலையில், அதே அளவுப் பலகையில், எழுவதற்கே அவகாசம் கிடைக்கவில்லை. கடற்கரையின் சரிவு வேறு. அலை எவ்வளவு ஆழத்தில் முறியும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை நிலைகுலைந்து முறிகிறது. அதாவது ஒரு மீட்டர் அலை, ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் முறியும். தரை மெல்லச் சரியும் கடற்கரையில் அலை அந்த ஆழத்தை மெதுவாக அடைந்து, உச்சியிலிருந்து நுரை வழிந்து வழிந்து இறங்கும். அது நமக்கு நேரம் கொடுக்கும். தரை செங்குத்தாக எழும் இடத்தில் அதே அலை முழு வேகத்தோடு வந்து திடீரென்று கவிழ்ந்து விழும். அதிலும் கரைவிளிம்பிலேயே கவிழும் கடற்கரைகள் புதியவர்களுக்கு உகந்தவையே அல்ல. புதிய ஊருக்குப் போனதும் பள்ளியைத் தேடுவதற்கு முன்பு, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் கடற்கரையில் நடந்து பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. மணல்திட்டுகள் எங்கே, பள்ளங்கள் எங்கே, பாறைகள் எந்த இடத்தில் மறைந்திருக்கின்றன என்பதெல்லாம் அப்போது கண்ணுக்கே தெரியும்.

ஓதம் அடுத்தது. பெரும்பாலான கடற்கரைகளில் நீர் ஏறி முடிந்து வற்றி முடிவதற்கு ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அருமையாக இருந்த இடம், வெள்ளிக்கிழமை அதே ஏழு மணிக்கு வேறு கடலாக இருக்கும். நீர் மட்டம் உயர்ந்திருக்கும்போது மணல்திட்டின்மீது ஆழம் கூடி அலை முறியாமலே கடந்துபோய், கரையோரச் சரிவில் கவிழலாம்; நீர் மிக வற்றியிருக்கும்போது அதே திட்டில் அலை முழு நீளத்துக்கும் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடலாம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுந்து, இந்த மாற்றங்களும் வேகமாக நடக்கும். சில கடற்கரைகளில் இந்த வேறுபாடு அரை மீட்டரைத் தாண்டுவதில்லை, வேறு சிலவற்றில் பல மீட்டர். முந்தைய ஊரில் ஓதத்தைப் பொருட்படுத்தாமலே பழகியவர் அடுத்த ஊரிலும் அப்படியே இருந்துவிட முடியாது. பாடத்துக்கு நேரம் பதிவுசெய்யும்போது, பள்ளி திறந்திருக்கும் நேரத்தைக் கேட்பதற்குப் பதிலாக, அந்த வாரத்தில் தொடக்கநிலையினருக்கு ஏற்ற ஓதம் எப்போது என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

அலை உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது அலை இடைவெளியில். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் விநாடிகளே அந்த இடைவெளி. அருகிலுள்ள காற்றால் எழும் அலைகளுக்கு இது ஐந்து, ஆறு விநாடி. தொலைதூரப் புயலிலிருந்து கடல் கடந்து வருபவற்றுக்குப் பன்னிரண்டு விநாடிக்கும் மேல். ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் ஏறக்குறைய 56 மீட்டர். 12 விநாடி அலைக்கு அது 225 மீட்டருக்கு நெருங்கும், அதாவது நான்கு மடங்கு. இவ்வளவு நீண்ட அலை சுமந்துவரும் ஆற்றல் அதிகம் என்பதோடு, கரையை நெருங்கும்போது அது கூடுதலாக உயர்ந்து எழவும் செய்யும். முன்னறிவிப்பில் இரண்டு நாளும் ஒரு மீட்டர் என்றே போட்டிருக்கும். ஒரு நாள் விளையாட்டாக இருக்கும், மறுநாள் கடலுக்குள் போவதே போராட்டமாக இருக்கும். தொடக்கநிலையில் உள்ளவருக்கு, இடுப்பளவுக்கு மேற்படாத அலையும், எட்டு முதல் பத்து விநாடி இடைவெளியும், காற்றில்லாத காலையும் அமைந்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது. காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், நண்பகலை நெருங்க நெருங்கக் கடற்காற்று வீசத் தொடங்கி அலைகளின் முகத்தைக் கலைத்துவிடுகிறது. அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும், அல்லது நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசி அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும்.

பாடத்துக்கு முன் கரையில் அமர்ந்து கடலைக் கால்மணி நேரமாவது பார்ப்பதை நான் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். அலைகள் கூட்டங்கூட்டமாக வருவது அப்போதுதான் புலப்படும்: சற்று நேரம் சிறியவை, பிறகு தொடர்ந்து மூன்று நான்கு பெரியவை, மறுபடியும் அமைதி. வந்த ஐந்தாவது நிமிடம் கடலைப் பார்த்து இன்று சிறியது என்று இறங்குபவர், அந்த அமைதியை மட்டுமே பார்த்தவராக இருக்கலாம். ரிப் கரண்ட் எனப்படும் இழுப்பு நீரோட்டத்தையும் கரையிலிருந்தே அடையாளம் காண வேண்டும். அலைகள் கரைக்குத் தள்ளிய நீர், திரும்பக் கடலுக்குள் போவதற்கு ஒரு பள்ளத்தைத் தேர்ந்துகொள்கிறது. அங்கே ஆழம் கூடுதலாக இருப்பதால் அலை முறிவதில்லை. இருபுறமும் நுரையடித்துக்கொண்டிருக்க, நடுவில் கருத்து, அமைதியாக, நீந்த அழைப்பதுபோல் தெரியும் அந்தப் பட்டைதான் ஆபத்து. வலுவான இழுப்பு விநாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். அதற்கு எதிராக நீந்தி வெல்லக்கூடியவர் உலகச் சாம்பியன்களிலும் இல்லை. அகப்பட்டால் பலகையை விடவே கூடாது. அதன்மேல் படுத்துக்கொண்டால் மூழ்கப்போவதில்லை. கரைக்கு இணையாகத் துழாவி, நுரை தெரியும் பக்கத்துக்கு வந்து, அலையோடு திரும்பலாம்; களைத்திருந்தால் ஒரு கையை உயர்த்தி உதவி கேட்டு மிதந்திருக்கலாம். தேர்ந்தவர்கள் இதே நீரோட்டத்தைப் பயன்படுத்தித்தான் உழைப்பின்றி உள்ளே போகிறார்கள் என்பதையும் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நாமும் போகலாம் என்று நினைக்கும் கட்டம் வேறு.

ஊர் மாறுவதன் பெரிய இழப்பு, ஒவ்வொரு புதிய பயிற்றுநரும் மணலில் படுப்பதிலிருந்தே தொடங்குவது. அவரைக் குறைசொல்ல முடியாது. ஏற்கெனவே பழகியிருக்கிறேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். இதற்கு நான் கண்ட வழி ஒரு சிறு குறிப்பேடு. ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் பலகையின் நீளம், அலையின் உயரம், இடைவெளி, ஓதநிலை, காற்று, பயிற்றுநர் திருத்திய ஒரே ஒரு விஷயம் ஆகியவற்றை அன்று மாலையே எழுதிவைத்தேன். அடுத்த ஊரில், “எட்டரையடி மெத்துப்பலகையில் (மேற்பரப்பு மென்மையான பயிற்சிப் பலகை) இடுப்பளவு நுரையலையில் தள்ளலின்றி எழுகிறேன், முறியாத அலையில் எழத் தாமதிக்கிறேன், முன்கால் வேண்டிய இடத்துக்கு வருவதில்லை” என்று சொன்னால், எந்தப் பயிற்றுநருக்கும் பாடத்தை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். திருத்தங்களை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு சொற்களில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் ஒரே குறை. பின்காலில் அதிக எடை, பார்வை கீழே, மார்பு எழவில்லை என்று மூவர் சொன்னதும் நான் அவசரப்பட்டு எழுவதன் மூன்று வெளிப்பாடுகளே.

பள்ளியைத் தேர்வதில் அதிகம் ஆராய வேண்டியதில்லை, சில கேள்விகள் போதும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? நான்கைத் தாண்டினால் நான் வேறிடம் பார்ப்பேன். பயிற்றுநர் நீருக்குள் கூடவே வருகிறாரா, கரையிலிருந்து கையசைக்கிறாரா? அவருக்கு நீரில் உயிர்காக்கும் பயிற்சியும் முதலுதவிச் சான்றும் உண்டா? 1964இல் தொடங்கிய சர்வதேச அலைச்சறுக்குச் சங்கமும், பல நாடுகளின் தேசியச் சங்கங்களும் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் வழங்குகின்றன; கேட்டால் காட்டத் தயங்கக்கூடாது. மறுபுறம், நமக்கு நீச்சல் எவ்வளவு தெரியும் என்று நம்மிடம் கேட்காத பள்ளியை நம்பக்கூடாது. கயிறு அறுந்து பலகை போய்விட்டால் கால் எட்டாத நீரில் மிதந்து நின்று, நிதானமாகக் கரை சேரத் தெரிந்திருப்பதுதான் குறைந்தபட்சத் தகுதி. குழுவில் சேர்வதா தனிப்பாடமா என்றால், முதல் ஓரிரு பாடங்களுக்குக் குழுவே போதும். மற்றவர்கள் விழுவதைப் பார்த்தே பாதி விளங்கும். தனிப்பாடத்துக்கான பணத்தை முறியாத அலைக்குப் போகும் நாளுக்காகச் சேமித்துவைக்கலாம்.

பலகை விஷயத்தில் பொறுமை வேண்டும். எட்டு முதல் ஒன்பது அடி நீளமுள்ள மெத்துப்பலகை, பள்ளிக்கூடப் பலகை என்ற ஏளனத்தோடு பார்க்கப்படுகிறது. ஓரளவு எழத் தெரிந்ததும் ஏழடிக்கு, ஆறரையடிக்கு மாறும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. நீளமும் கனஅளவும் குறையும்போது மிதப்பு குறைகிறது, துழாவலின் வேகம் குறைகிறது, அலையைப் பிடிக்கும் எண்ணிக்கை பாதியாகிறது. கற்றல் அலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், பலகையைச் சுருக்குபவர் தம் பாடத்தைத்தான் சுருக்கிக்கொள்கிறார். ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல், அலைச்சறுக்கு வீரர் டியூக் கஹானமோகு 1914ஆம் ஆண்டுக் கடைசியில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரைக்கு வந்து அலைச்சறுக்கைச் செய்துகாட்டியபோது, அவரே செதுக்கிய நீண்ட, கனத்த மரப்பலகையில், அடித்துடுப்போ கால்கயிறோ இல்லாமல்தான் ஓடினார். நீளம் இழுக்கல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பயணிகள் பலகையைச் சுமந்துசெல்வதிலும் பொருளில்லை; போகுமிடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். நம்முடன் கொண்டுபோக வேண்டியது நன்றாகப் பொருந்தும், முழுக்கை வைத்த ரேஷ் கார்டு மேலாடை. அது இல்லாவிட்டால் வயிறும் உள்கையும் பலகையின் உராய்வில் இரண்டே நாளில் சிவந்து புண்ணாகிவிடும்.

வெயிலைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள்; எங்கே சுடும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. குப்புறப் படுத்திருப்பதால் முழங்காலின் பின்மடிப்பும், கெண்டைக்காலும், கழுத்தின் பின்புறமும், காதுமடலும்தான் முதலில் வேகின்றன. முகத்துக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டியான பூச்சு சிறந்தது. மற்றவை வழிந்து கண்ணில் இறங்கி எரியும். ஹவாயில் பவளப்பாறைகளைக் கருதி ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த பூச்சுகளின் விற்பனை 2021 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், துத்தநாகப் பூச்சை வாங்கிவைத்தால் எங்கும் சிக்கல் வராது. மணல் தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை மீன் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். கொட்டிவிட்டால் கால் பொறுக்குமளவு, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் காலை அமிழ்த்துவதே வலியைத் தணிக்கும். முள் தங்கியிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கனமழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தையும் வடிகால் விழும் இடத்தையும் மூன்று நாள் தவிர்ப்பது காதுக்கும் வயிற்றுக்கும் நல்லது. காண்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்க வேண்டாம். பாடத்தை நெடும்பயணம் செய்த அதே நாளில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தோளும் விலாவும் தாங்குவதற்கு, தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே சரியான வேகம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், நீர் விளையாட்டுகள் அதில் அடங்குமா என்று கிளம்புவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

முறியாத அலைக்குப் போவது வேறோர் உலகம். அங்கே மற்றவர்கள் இருக்கிறார்கள், விதிகளும் இருக்கின்றன. அலை முதலில் முறியத் தொடங்கும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அவர் எழுந்துவிட்டால் அவர் பாதையில் வேறெவரும் இறங்கக்கூடாது. உள்ளே போகும்போது அலை முறியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரே யாராவது அலைமேல் வந்துகொண்டிருந்தால், அவர் பாதையைக் கடக்க முயலாமல் நுரையின் பக்கம் ஒதுங்கி அடி வாங்கிக்கொள்வதே மரியாதை. பெரிய அலை வருகிறதே என்று பலகையை விட்டுவிட்டு நீருக்குள் மூழ்குவது, புதியவர்கள் செய்வதிலேயே மிக ஆபத்தானது: எட்டடிப் பலகையும் அதே நீளக் கயிறும் சேர்ந்து பதினாறடி தூரம் வரை பின்னால் இருப்பவரைத் தாக்கும். ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் முதல் நாள் ஓரமாகவே இருந்து, ஒரு புன்னகையோடு வணக்கம் சொல்லி, இரண்டு மூன்று அலைகளை விட்டுக்கொடுத்தால், அடுத்த நாள் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களே சொல்லித்தருவார்கள். நான் பெற்ற மிக நல்ல குறிப்புகள் சில அப்படிக் கட்டணமின்றிக் கிடைத்தவை.

இனிப் பயிற்றுநர் இல்லாமல் பலகையை வாடகைக்கு எடுக்கலாமா என்ற கேள்வி பயணத்தின் பிற்பகுதியில் வரும். தள்ளலின்றி நுரையலையில் தொடர்ந்து எழவும், பலகையைக் கைவிடாமல் நுரையைக் கடந்து உள்ளே போகவும், கரையிலிருந்தே இழுப்பு நீரோட்டத்தைச் சுட்டிக்காட்டவும் முடிந்தால் எடுக்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு பாடம் வேண்டும். புதிய ஊரில் என்றால், இம்மூன்றும் இருந்தாலும் முதல் முறை பயிற்றுநரோடு இறங்குவதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பாடத்தில் அவரிடம் எழுந்து நிற்பதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. எந்த ஓதத்தில் எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது, எந்தக் காற்று வந்தால் வெளியே வந்துவிட வேண்டும் என்ற மூன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். மறுநாள் காலை, அதே ஓதநிலையில், உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் பகுதியில், வேறு சிலரும் நீரில் இருக்கும்போது, எட்டரையடிப் பலகையோடு தனியாக இறங்கலாம்.